ஓடும் வீட்டின் இழுப்பறை

கலாசாலையை விட்டு நீங்கிப் பல்லாண்டுகள் கழிந்த பின்னர், பழைய மாணவர் என்ற முறையில் ஏதேனும் எழுதுக எனப் பத்திராசிரியர் பணித்தபோது, சொல்லத்தக்க செய்தி எம்மிடம் யாதுளது என்று மயங்கினோம். அமெரிக்க தேசத்து ஒரிகான் மாகாணத்தில் யாம் வைத்திருக்கும் பழைய மோட்டார் வீட்டின் சமையற்பகுதி இழுப்பறை ஒன்றே இறுதியில் எம் நினைவில் நின்றது. அற்பப் பொருளென்று வாசகர் நகைக்கலாம். அதனால் எம் அன்னையாரின் பாதம் வெட்டுப்படவிருந்தது என்று அறிந்தால் நகையார்.

மோட்டார் வீடு என்பது படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் கழிப்பறையும் ஒருங்கே அமைந்த பெரிய வண்டி. 1966-இல் அயோவா மாகாணத்து ஃபாரஸ்ட் ஸிட்டி என்னும் ஊரில் வின்னபேகோ கம்பெனியார் இவற்றைப் பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கிய பின், நடுத்தரக் குடும்பத்தாரும் வாங்கலாயினர். எம்முடையது வேறொரு தொழிற்சாலையில் 1989-இல் பிறந்தது; நீளம் 26 அடி; பழையதாதலின் எம் வருவாய்க்கு ஏற்ற விலையிற் கிடைத்தது. எடை குறையவேண்டுமென்று இத்தகைய வண்டிகளின் அலமாரிகளை மெல்லிய ஒட்டுப்பலகையாற் செய்து, திருகாணிக்குப் பதிலாகக் கம்பி ஊசிகளை அடித்து மூட்டியிருப்பர். அசையாத வீட்டிற்கு அது போதும். சாலையிலோ ஒவ்வொரு மைலும் ஒரு சிறு பூகம்பம்.

2023-ஆம் வருஷத்துக் கோடையில் அன்னையார் திருநெல்வேலியிலிருந்து எம்முடன் சில திங்கள் தங்கும் பொருட்டு வந்தார். அவரை வட கலிபோர்னியாவுக்கு அழைத்துச் சென்று மீளுங்கால் ஸிஸ்கியூ கணவாயைக் கடந்தோம். ஐந்தாம் எண் நெடுஞ்சாலையில் மிக உயர்ந்த இடம் அதுவே, 4,310 அடி. அங்கிருந்து வடக்கே ஆஷ்லந்து நகரை நோக்கிச் சாலை நூறடிக்கு ஆறடி வீதம் சரிந்து இறங்குகின்றது. வலப்பக்கம் திரும்பும் ஒரு வளைவில், வண்டியின் வலச் சுவரை ஒட்டிய சமையற்பகுதியிலிருந்து மேல் இழுப்பறை முழுவதும் வெளியே பாய்ந்து, எதிர்ப்புறத்து ஆசனத்தில் வார்க்கச்சை பூட்டி அமர்ந்திருந்த அன்னையாரின் காலடியில் வீழ்ந்தது. கறி நறுக்கும் கத்தி அவர் செருப்பின் வாரை அறுத்துத் தரையிற் குத்தி நின்றது. அவர் அலறினாரல்லர். "ஐயா, வண்டியை ஓரமாக நிறுத்து" என்று மட்டும் சொன்னார். பின்பு வீடு சேரும்வரை அக்கத்தியைத் துணியிற் சுற்றித் தம் மடியிலேயே வைத்திருந்தார். இனி அவ்வண்டியில் ஏறுவதற்கில்லை என்று அன்றிரவு சோறு பரிமாறும்போது அமைதியாகக் கூறினார். பஸிபிக் கடலைக் காட்டுவதாக யாம் வாக்களித்திருந்தோம். அவர் ஊர் திரும்ப மூன்று வாரமே எஞ்சியிருந்தது.

மறுநாள் இழுப்பறையைக் கவிழ்த்துப் பார்த்தோம். அதன் அடியில் நடுவே ஒற்றைத் தகட்டுச் சட்டம் ஓடுகின்றது. அதனைப் பற்றி ஊர்வதற்குப் பின்புறத்தில் ஒரு சிறு பிளாஸ்டிக் பிடி. பக்கப் பலகைகளின் அடியில், முகப்புக்கு அருகே, ஒரு வெட்டு உண்டு. மூடும்போது அவ்வெட்டு முகப்புச் சட்டத்தின்மேல் இறங்கி உட்காரும். திறக்கவேண்டுமாயின் சற்றே தூக்கி இழுக்கவேண்டும். தாழ்ப்பாளின்றியே தாழ்ப்பாளின் பயனைத் தரும் இவ்வமைப்பை யாம் மெச்சுகின்றோம். ஆனால் முப்பதாண்டுப் பிளாஸ்டிக் முறுகி வெடித்துவிட்டது. பின்புறம் தாழ்ந்தது; முன்புறம் எழும்பிற்று; வெட்டு பிடிப்பை இழந்தது. நான்கு மாதமாகவே அது முரண்டு பிடித்துவந்ததை யாம் அறிவோம். மெழுகுவர்த்தியைத் தேய்த்து வழுக்கலாக்கி வந்தோம்; அஃதாவது, அது வெளியே பாய்வதற்கு யாமே துணை செய்தோம்.

அதே அளவுள்ள பிடி இரும்புக்கடையிற் கிடைக்கவில்லை. ஆதலின், நம் ஊர்த் தச்சர் சேனல் என்று சொல்லும் எஃகுச் சட்டங்களில், குண்டுகள்மேல் ஓடும் வகையில் 16 அங்குல ஜோடி ஒன்று வாங்கினோம். அதற்குப் பெட்டியின் இருபுறமும் அரை அரை அங்குலம் இடம் வேண்டும். அலமாரி வாயின் அகலம் 14 அங்குலம். பழைய பெட்டியோ 13½. பெட்டியைச் செதுக்கிச் சமாளிக்க முயன்றோம், பெட்டி கெட்டது. பின்னர்ப் புதிய ஒட்டுப்பலகையில் 13 அங்குல அகலமாக வேறொன்று செய்தோம். சேனலைத் திருகுவதற்கு அலமாரிக்குள்ளே பக்கச் சுவர் இல்லை. முகப்புச் சட்டமும், அதன்பின் வெற்றிடமும், தண்ணீர்க் குழாயுமே உள. முகப்பிலிருந்து பின்சுவர்வரை இரு கட்டைகளை இட்டு, குழாயைத் துளைக்காத குட்டைத் திருகாணிகளாற் சேனலைப் பொருத்தினோம். ஒவ்வொரு கட்டையையும் ரசமட்டம் வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை திருத்தினோம். கலாசாலையில் பௌதிகம் பயின்றவரல்லமோ என்ற பெருமிதமும் இருந்தது.

மாலையில் வண்டியைத் தெருவோரத்திலிருந்து எடுத்து வீட்டு முற்றத்துச் சமதளத்தில் நிறுத்தினோம். யாரும் தொடாமலே இழுப்பறை மெல்ல மெல்ல வெளியே வந்து நின்றது. மூடினோம்; மறுபடியும் வந்தது. தேநீர்க் கோப்பையுடன் வாயிற்படியில் அமர்ந்திருந்த அன்னையார் இதனை மூன்று முறை பார்த்தார்.

"ஐயா, வேலை செய்யும்போது வண்டி எங்கே நின்றது?"

"தெருவோரத்தில், அம்மா."

"ஓடுகிற வண்டிக்கு ரசமட்டம் எதற்கு? எங்கள் அப்பா வண்டி செய்யும்போது அச்சிலிருந்துதான் அளப்பார்."

அவருடைய தந்தையார் மாட்டு வண்டி செய்த ஆசாரி. எமக்கு நாணம் மிகுந்தது. மழைநீர் வடியும்பொருட்டுத் தெருவை நடுவில் உயர்த்தி ஓரத்திற் சரித்திருப்பர் என்பதை யாம் மறந்துவிட்டோம். தெருவோரத்தில் நின்ற வண்டி வலப்புறம் சாய்ந்திருக்க, பூமிக்குச் சமமாக யாம் பொருத்திய சேனல் வண்டிக்குக் கோணலாயிற்று. அதன் பின்முனை கால் அங்குலத்துக்குச் சற்று மேலாக உயர்ந்திருந்தது. குண்டுகள்மேல் ஓடும் சேனலுக்கு அவ்வளவே மலைச்சரிவு. பழைய பிளாஸ்டிக்காயின் அச்சரிவில் அசைந்திராது.

எல்லாவற்றையும் கழற்றினோம். புதிய துளைகள் பழையவற்றின் மிக அருகே வந்தமையால் திருகாணி பிடிக்கவில்லை. பழைய துளைகளிற் பசை தோய்த்த மர முளைகளை இறுக்கி ஓரிரவு காயவிட்டோம். இம்முறை வண்டியின் தரைப்பலகையிலிருந்தே முன்னும் பின்னும் ஒரே அளவு எடுத்தோம். அன்னையார் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். சேனலின் நீளத் துளைகளில் முதலிற் தளரத் திருகி, பெட்டியை ஓட்டிப் பார்த்து, சரியானபின் வட்டத் துளைகளில் இறுக்கினோம். பழைய வெட்டின் காவல் புதியதில் இல்லையாதலின், அமுக்கினாற் பூட்டிக்கொள்ளும் பொத்தான் தாழ்ப்பாள் ஒன்றையும் முகப்பில் அமைத்தோம். இதனைச் செய்யாது சேனலை மட்டும் மாற்றுவோர் முன்னிலும் பெரிய அபாயத்தைத் தேடிக்கொள்வர்.

பின்னர் இழுப்பறையில் ஒரு மூட்டை அரிசியை ஏற்றி, அண்டைத் தெருக்களின் திருப்பங்களில் எல்லாம் வண்டியைச் சுற்றி ஓட்டினோம். அன்னையார் முற்றத்திலேயே நின்று, திரும்பி வந்ததும் அரிசியைத் தாமே பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை காலையில் தம் சால்வையுடன் வண்டியருகே வந்து நின்றார்.

கிராண்ட்ஸ் பாஸ் நகரிலிருந்து 199-ஆம் எண் சாலை கலிபோர்னியாவின் கிரெஸெண்ட் ஸிட்டிக்குச் செல்கின்றது. ஸ்மித் நதியை ஒட்டி வளைந்து வளைந்து சென்று, வானளாவிய செம்மரக் காட்டினூடே கடற்கரையை அடையும் வழி அது. அவ்வளவு தூரமும் கத்தி அவருடைய மடியிலேயே, துணிச்சுருளில் இருந்தது, யாம் கேட்கவில்லை. கடலில் கால் நனைத்துவிட்டு வந்து, வண்டியினுள் ஒரு மாம்பழத்தை நறுக்கி எமக்கும் பேரப்பிள்ளைக்கும் கொடுத்தார். பின்பு கத்தியைக் கழுவித் துடைத்து, இழுப்பறையில் வைத்து, பொத்தானை அமுக்கினார். ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "சரி, வண்டியை எடு" என்றார்.