சொளவை ஒதுக்கி வைத்த நேரம்

எங்கள் வளவுக்குள் நுழைகிறவர்களை முதலில் எதிர்கொள்வது பீடித்தூள் வாசம்தான். மூக்குக்குள் லேசாகக் கரித்து, தும்மல் வருமா வராதா என்று வாசலிலேயே நிறுத்திவைக்கும். அதற்குப் பின்னால் ராத்திரி நனையப் போட்ட இலையின் ஈர வாசம், அதைச் சுற்றிவைத்த சாக்கின் வாசம், ஆச்சி கருப்பட்டி தட்டிப் போட்டுக் கொதிக்க வைக்கும் சுக்குக் காப்பியின் வாசம் என்று ஒவ்வொன்றாக வந்து, கடைசியில்தான் ஆட்களின் முகம் தெரியும். முக்கூடல் பக்கம் எங்கள் ஊர். ஒரே முற்றத்தைப் பார்த்து எதிரும் புதிருமாக வீடுகள். வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு பெண், அவள் மடியில் ஒரு சொளவு, சொளவு நிறைய இலையும் தூளும்.

இலை எங்கேயோ மத்தியப் பிரதேசத்துக் காட்டில் பறித்தது என்பார்கள். அதைத் தகட்டு அளவு வைத்துக் கத்தரியால் வெட்டி, ஒரு சிட்டிகைத் தூளைப் பரத்தி, ஒரே உருட்டில் சுற்றி, வாயை மடக்கி, நூலால் ஒரு சுற்றுப் போட்டு இறுக்கினால் ஒரு பீடி. இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு கட்டு. ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அம்மாவின் விரல்கள் இதைச் செய்துகொண்டிருக்கும்போது அவள் கண் அதில் இருக்காது. உலையைப் பார்ப்பாள், கோழியை விரட்டுவாள், தங்கச்சியின் மூக்கைத் துடைத்துவிடச் சொல்லி என்னை ஏவுவாள். விரல்கள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். வாய் மடக்குவது பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் வேலை. சின்ன இரும்புக் கம்பியால் இலையின் ஓரத்தை உள்ளே குத்திவிட வேண்டும். அதில் நான் பெரிய கைகாரன் என்று எனக்கு ஒரு எண்ணம். எதிர்வீட்டு மதினி, "இவன் மடக்குன பீடின்னா கடையில கண்ணை மூடிட்டு வாங்குவான்" என்று சொல்லிவிட்டால், அன்றைக்கு முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பேன். வேலை ஓட வேண்டும் என்பதற்காகத்தான் மதினி அப்படிச் சொன்னாள் என்று புரிய ரொம்ப வருஷம் ஆயிற்று.

பீடித் தொழிலாளர்களுக்கென்று 1966-லேயே ஒரு சட்டம் வந்தது. தொழிற்கூடத்தில் உட்கார்ந்து சுற்றுகிறவர்களுக்கு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று அதில் இருந்தது. வீட்டு வாசலில் உட்கார்ந்து சுற்றுகிறவளுக்கு யார் மணி அடிப்பது? சோறு வடிக்கிற நேரம் போக, தண்ணீர் எடுக்கிற நேரம் போக, மிச்சமெல்லாம் பீடிதான். ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகும் நாற்பது வாட்ஸ் பல்பின் கீழே இலை வெட்டுகிற கத்தரிச் சத்தம் கேட்டபடி இருக்கும். அதனால்தான் அம்மா தனக்குத் தானே மணி அடித்துக்கொண்டாள் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

அந்த மணி, சாயந்திரம் பீடிக் கடைக்குப் போய்க் கட்டுகளை ஒப்படைத்து, பாஸ்புத்தகத்தில் பதிந்து, மறுநாளைக்கு இலையும் தூளும் வாங்கித் திரும்பிய உடனே அடித்துவிடும். சொளவைச் சுவரில் சாய்த்து வைப்பாள். அங்கணத்துக்குப் போய்ச் சீயக்காய் போட்டு முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவுவாள். எவ்வளவு தேய்த்தாலும் தூள் வாசம் முழுசாகப் போகாது. என்றாலும் அந்தக் கழுவலை ஒரு நாளும் அவசரப்படுத்தியதில்லை. முகம் கழுவி, பொட்டு வைத்து, கிடைத்த பூவை முடிந்துகொண்டு, முற்றத்து நடுவில் கிடக்கும் கல்லில் வந்து உட்கார்ந்தால், விளக்குப் பொருத்தும் வரைக்கும் அவளிடம் யாரும் ஒரு வேலை சொல்ல முடியாது. அப்பா உள்பட. ஒவ்வொரு வீடாகப் பெண்கள் வந்து சேருவார்கள். ஆச்சி காப்பியை ஆற்றி ஆற்றி ஊற்றுவாள். யாராவது கொட்டான் நிறைய அவித்த பயறோ பனங்கிழங்கோ கொண்டுவருவார்கள். பிறகு ரேடியோ வரும்.

வளவுக்கு ஒரே ரேடியோ. தோல் உறை போட்ட சின்ன டிரான்சிஸ்டர். பேர்தான் எங்கள் வீட்டு ரேடியோ; பேட்டரிக் கட்டை வாங்குவது முறை வைத்து. இந்த மாதம் மதினி வீடு என்றால் அடுத்த மாதம் பெரியம்மை வீடு. வாரக் கூலி கைக்கு வந்ததும் அம்மா முதலில் எடுத்துவைப்பது நூல் கண்டுக்கான காசு, அடுத்தது கட்டைக்கான காசு. அரிசியும் மண்ணெண்ணெயும் அதற்குப் பிறகுதான். சந்தோஷத்துக்கு மிச்சம் மீதியைக் கொடுக்கலாம் என்று இருந்துவிட்டால் மிச்சமே வராது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. கட்டை தீர்ந்து குரல் கம்மிப் போனால் அதைக் கழற்றி மதில் மேல் வெயிலில் காயவைப்போம். காக்கா தூக்கிவிடாமல் பக்கத்தில் குச்சியோடு காவல் இருப்பது நான்.

1967-இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று பேர் மாறிவிட்டது என்றாலும் எங்கள் ஆட்களுக்கு அது சிலோன் ரேடியோதான். பாளையங்கோட்டையில் 1963-லேயே நம் வானொலி நிலையம் வந்திருந்தது. உரம் போடுவதும் விலை நிலவரமும் கேட்க அது. பாட்டென்றால் கொழும்புதான். காலையில் பொங்கும் பூம்புனல் வேலையோடு வேலையாகக் காதில் விழும். அறிவிப்பாளர் கே.எஸ்.ராஜா மூச்சுவிடாமல் பேசுவதைக் கேட்டால் மதினியின் கையும் வேகமெடுத்துவிடும். அப்துல் ஹமீதின் பாட்டுக்குப் பாட்டு வந்தால், அங்கே பாடுகிறவர் கொடுத்த எழுத்துக்குப் பாட்டுக் கிடைக்காமல் திணறும்போது இங்கே நாலு பேர் ஒரே நேரத்தில் பாட்டெடுத்துக் கொடுப்பார்கள். ராஜேஸ்வரி சண்முகம் குரல் வந்தால் ஆச்சி தலையை லேசாகச் சாய்த்துக்கொள்வாள். அந்த அம்மாள் நடத்திய ஒரு நிகழ்ச்சிக்குப் பேர் பொதிகைத் தென்றல். எங்கள் வளவிலிருந்து மேற்கே பார்த்தால் மலை நீலமாக நிற்கும், அதில்தான் பொதிகை. ஆகவே கொழும்பு அந்த மலைக்குப் பின்னால் இருக்கிறது, மேகம் இறங்கிய நாட்களில் ரேடியோ கரகரப்பது அதனால்தான் என்று நான் தீர்மானமாக நம்பினேன். தங்கச்சிக்குக் கையை நீட்டிக் காட்டியும் கொடுத்தேன்.

ஒரு நாள் கடையில் அம்மாவின் கட்டுகளை நிறையக் கழித்துவிட்டார்கள். தூள் குறைவு, இலை ஓட்டை என்று காரணம் சொல்லிக் கழிப்பது வழக்கம்தான். கழித்த பீடிக்குக் கூலி கிடையாது, இலையும் தூளும் நம் கணக்கில் ஏறும். அன்று நானும் கூடப் போயிருந்தேன். வரப்பு வழியாகத் திரும்பி வரும்போது அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் சொளவை எடுத்து உட்கார்ந்துவிடுவாள், போன காசைப் பிடிக்க ராத்திரி முழுக்கச் சுற்றுவாள் என்று நினைத்து, நானே போய்ச் சொளவைத் தூக்கி வந்து முன்னால் வைத்தேன். அவள் அதை வாங்கித் திரும்பச் சுவரில் சாய்த்தாள். எப்போதும் போலச் சீயக்காய் எடுத்தாள், எப்போதும் போல முழங்கை வரை கழுவினாள். "யம்மா, இன்னைக்குமா?" என்று கேட்டேன். "பீடிய நாளைக்குச் சுத்திக்கிடலாம்ல. இன்னைக்குப் போடுத பாட்டு நாளைக்கு வராதுல்லா" என்றாள். கல்லில் உட்கார்ந்து காப்பியைக் கையில் வாங்கிய பிறகுதான் கண் கலங்கியது. மதினி பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ரெண்டு பாட்டுப் போனதும் அம்மாவே ஏதோ சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பொய் இருக்கிறதா என்று நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், இல்லை.

பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சிக்குக் கடிதம் எழுதலாம் என்று ஆரம்பித்தது மதினிதான். எழுதத் தெரிந்தவன் என்பதால் சிலோனுக்குப் போக வேண்டிய தபால்தலையை ஒட்டி, பேரும் ஊரும் எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு. சிக்கல் என்னவென்றால் வளவில் பெரியவர்கள் யாருக்கும் பிறந்த தேதி தெரியாது. வெள்ளம் வந்த வருஷம், பெரிய கோயில் கொடை நடந்த வருஷம் என்று வருஷம் மட்டும் ஒரு மாதிரித் தேறும். அதனால் ஒவ்வொருவருக்கும் பிடித்த தேதியை அவரவரே எடுத்துக்கொண்டார்கள். ஆச்சி ஆடி மாதத்தில் ஒன்றைக் கேட்டு வாங்கினாள், அப்போதுதான் ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகும் என்று. மாதக்கணக்கில் காத்திருந்தோம். ஒரு சாயந்திரம் பேர்களை வாசித்துக்கொண்டு வரும்போது, கரகரப்புக்கு நடுவே, "முக்கூடல்" என்று தெளிவாகக் கேட்டது. அவ்வளவுதான், முற்றமே கூச்சல் போட்டது. அந்தக் கூச்சலில் யார் பேர் வாசித்தார்கள் என்பது ஒருவர் காதிலும் விழவில்லை.

என் பேர்தான் என்றாள் மதினி. ஆச்சி, தன் பேர் மாதிரித்தான் இருந்தது என்று சாதித்தாள். பெரியம்மை கோபித்துக்கொண்டு எழுந்தே விட்டாள். "ஊர்ப் பேரு வந்துட்டுல்லா, அப்ப எல்லாத்துக்குந்தான் பிறந்தநாளு" என்று அம்மா தீர்ப்புச் சொல்லி, என்னைக் கடைக்கு ரவை வாங்க விரட்டினாள். கருப்பட்டி ஆச்சி வீட்டிலிருந்து வந்தது, நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் மதினி வீட்டிலிருந்து. கிண்டி இறக்கிச் சூடு ஆறுவதற்குள் சட்டி வழித்தாயிற்று. விளக்குப் பொருத்திய பிறகும் அன்றைக்கு ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ராத்திரி இலை வெட்ட வெகு நேரம் ஆகிவிட்டது. அவரவர் வாசலில் உட்கார்ந்து கத்தரியை ஓட்டிக்கொண்டே, இருட்டில் முகம் தெரியாமல், அது யார் பேர் என்று முற்றத்துக்குக் குறுக்கே இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.