வாட்டர்ப்ரூஃப்னா வழுக்காதுன்னு அர்த்தம் இல்லை

ஐப்பசி, கார்த்திகை வந்தா எங்க ஓபியில ரெண்டு வரிசை நீளும். ஒண்ணு காய்ச்சல். இன்னொண்ணு, மணிக்கட்டைத் துண்டால சுத்திப் பிடிச்சுக்கிட்டு வர்ற அம்மாக்கள். எங்க விழுந்தீங்கன்னு கேட்டா "வீட்டுக்குள்ளதான் டாக்டர், டைல்ஸ்ல"ன்னு கொஞ்சம் கூச்சத்தோட சொல்வாங்க. ஏதோ தப்பு பண்ணிட்ட மாதிரி.

ஒரகடம் பக்கம் விபத்துன்னாலே லாரி, பைக், கம்பெனி பஸ்தான் நம்ம நினைவுக்கு வரும். ஆனா உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி கீழே விழுவதால் மட்டும் வருஷத்துக்கு சுமார் 6,84,000 பேர் இறக்கிறாங்க. தற்செயலான காயங்களால் வரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதுக்குத்தான். அதில் 60 வயசைத் தாண்டியவங்கதான் அதிகம்.

இந்த வருஷம் வல்லக்கோட்டையில் எங்க வீட்டுத் தரையை மாத்தினோம். அதைப் பத்தித்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே.

அம்மாவுக்கு 68 வயசு. ரெண்டு முட்டியிலும் தேய்மானம், பிபி மாத்திரை உண்டு. போன மழைக்காலத்துல ஹாலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவுல வழுக்கி, கையை ஊன்றி விழுந்து, மணிக்கட்டு எலும்பு முறிஞ்சது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டு பிரிச்ச பிறகும் சுவரைப் பிடிச்சுக்கிட்டேதான் நடந்தாங்க. எலும்பு சேர்ந்தது, பயம் போகல. பயந்து நடக்கிறவங்க நடையைக் குறைச்சுக்குவாங்க, அதனால தசை இளைக்கும், தசை இளைச்சா திரும்ப விழுவாங்க. மணிக்கட்டோட போனது அதிர்ஷ்டம். அடுத்தது இடுப்பு எலும்பா இருந்தா கதையே வேற. இடுப்பு முறிஞ்ச முதியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஒரு வருஷத்துக்குள் இறந்துபோறதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கு.

எங்க ஊர்ல முன்னாடி சிமெண்ட் தரை, சிவப்பு ஆக்ஸைடு தரை. கம்பெனிகள் வந்து, நிலம் கைமாறி, புது வீடுகள் எழும்பினப்ப எல்லார் வீட்டுலயும் கண்ணாடி மாதிரி பளபளன்னு விட்ரிஃபைடு டைல்ஸ் வந்துடுச்சு. முகம் தெரியுற தரைதான் கௌரவம். ஈரம் பட்டா அந்தப் பளபளப்புதான் வில்லன். வழவழப்பான தரையில தண்ணி மெல்லிய படலமா நின்னு, பாதம் தரையைத் தொட விடாது. சொரசொரப்பு இருந்தா அந்தப் படலம் உடையும். அவ்வளவுதான் விஷயம்.

கடையில போய் கேட்டதும் கையில கொடுத்தது வினைல் பிளாங்க். எஸ்பிசின்னு சொல்றாங்க. சுண்ணாம்புக்கல் பொடியும் பிவிசியும் கலந்து அழுத்தின பலகை, மேல மரம் மாதிரி அச்சு, அதுக்கு மேல தேய்மானம் தாங்குற ஒரு தெளிவான லேயர். நாங்க பார்த்தது 5 மில்லிமீட்டர் கனம். பசை தேவையில்லை, ஒண்ணோட ஒண்ணு கிளிக் ஆகிப் பூட்டிக்கும். பழைய டைல்ஸை உடைக்க வேண்டாம்ங்கிறது பெரிய நிம்மதி. அம்மா வீட்டுல இருக்கும்போது உடைச்சா அந்தத் தூசியில யார் இருக்கிறது?

கடைக்காரர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரே வார்த்தை, "ஹண்ட்ரட் பர்சன்ட் வாட்டர்ப்ரூஃப் மேடம்." சரி. பலகை ஊறாது, உப்பாது, கரையானும் அதைத் தின்னாது. ஆனா பலகைக்கு ஒண்ணும் ஆகாதுங்கிறதும், அது மேல நடக்கிற அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதுங்கிறதும் வேற வேற.

வழுக்குமா வழுக்காதான்னு தெரியணும்னா வேற எண்ணைக் கேட்கணும். ஜெர்மன் தரப்படி ஆர்9, ஆர்10, ஆர்11னு ஒரு வரிசை உண்டு. சாய்தளத்துல எண்ணெய் ஊத்தி, பூட்ஸ் போட்ட ஆளை நடக்க விட்டு, எத்தனை டிகிரி சாய்வு வரைக்கும் வழுக்காம நிக்கிறார்னு பார்க்கிற சோதனை. நம்ம வீட்டுல யார் பூட்ஸ் போட்டு நடக்கிறா? வெறுங்காலுக்கு, சோப்புத் தண்ணி ஊத்திப் பார்க்கிற தனிச் சோதனை இருக்கு. அதுல ஏ, பி, சின்னு மூணு தரம், சி தான் உசத்தி. பாத்ரூம் டைல்ஸ் வாங்குறப்ப இந்த எழுத்தைக் கேளுங்க. நான் போன ரெண்டு கடையில ஒருத்தருக்கு மட்டும்தான் தெரிஞ்சிருந்தது. வழி இல்லன்னா சாம்பிள் துண்டு ஒண்ணைக் கேட்டு வாங்கி, வீட்டுல தண்ணி தெளிச்சு, நீங்களே காலை வச்சுத் தேய்ச்சுப் பாருங்க. நான் அதையும் செஞ்சேன்.

"மெத்து மெத்துன்னு இருக்கும், விழுந்தாலும் அடிபடாது"ன்னும் சொல்வாங்க. எஸ்பிசி கல்லு மாதிரி கெட்டி. அடியில ஒட்டியிருக்கிற ஒரு மில்லிமீட்டர் ஃபோம் சத்தத்தைக் குறைக்கும், இடுப்பைக் காப்பாத்தாது. கனடாவுல பர்னபிங்கிற ஊர்ல ஒரு முதியோர் இல்லத்துல 150 அறைகளை ரெண்டாப் பிரிச்சாங்க. பாதி அறைகளில் வினைலுக்கு அடியில ஒரு அங்குல மெத்துத் தளம், மீதியில சாதா பிளைவுட். 2019ல் முடிவு வெளிவந்தது. பலத்த காயங்கள் குறையவே இல்லை. விழாம பார்க்கிறதுதான் வேலை.

அடுத்தது ஓதம். இதைத்தான் யாரும் சொல்றதில்லை. மழைக்காலத்துல தரைக்கு அடியிலிருந்து ஈரம் ஏறுற வீடா இருந்தா, மேல வாட்டர்ப்ரூஃப் பலகையைப் போட்டு மூடினதும் ஈரம் உள்ளேயே சிக்கிக்கும். பூஞ்சை வரும், வீட்டுல ஆஸ்துமா இருந்தா கிளப்பிவிடும். நாங்க ஒண்ணரை அடிச் சதுரமா பாலிதீன் ஷீட்டை வெட்டி, நாலு பக்கமும் டேப் ஒட்டி, ராத்திரி முழுக்க விட்டோம். படுக்கையறையில காலையில காய்ஞ்சே இருந்தது. பூஜை அறை மூலையில ஷீட்டுக்கு அடியில முத்து முத்தா தண்ணி. அந்த அறையை விட்டுட்டோம். எப்படியும் அங்க குத்துவிளக்கு, கற்பூரம். வினைல்ல சூடு பட்டா தழும்பு போகாது.

சமையலறையும் வேண்டாம்னு முடிவு. சிலிண்டர் இழுக்கிறது, கிரைண்டர், சுடச்சுட குக்கரைக் கீழே வைக்கிறது, இதெல்லாம் நம்ம பழக்கம்.

அம்மாவோட எதிர்ப்பு வேற மாதிரி. "வெள்ளிக்கிழமை வீட்டைக் கழுவி விடாம எப்படிடி இருக்கிறது?" நியாயமான கேள்வி. கிளிக் பலகை போட்ட தரையில வாளி வாளியா ஊத்திக் கழுவ முடியாது. ஓரத்து இடைவெளி வழியா தண்ணி அடியில போயிடும். பிழிஞ்ச மாப்தான். கடைசியில ஒப்பந்தம் போட்டோம்: அம்மா ராத்திரி நடக்கிற வழி, அதாவது படுக்கையறையும் நடையும் மட்டும் வினைல். பாத்ரூம் தரை முழுக்கச் சொரசொரப்பான மேட் டைல்ஸ், சுவர்ல ரெண்டு கைப்பிடி. ஹால் அப்படியே, அம்மா இஷ்டத்துக்குக் கழுவலாம், ஆனா காயுற வரைக்கும் உட்கார்ந்திருக்கணும்.

எங்களுக்குச் சொன்ன விலை சதுர அடிக்கு 130 ரூபாய், கூலி தனி. ரெண்டு இடமும் சேர்ந்து சுமார் 180 சதுர அடி.

போட வந்த தம்பி வேலைக்காரர்தான், ஆனா அவசரம். பெட்டிகளை அறையிலேயே ரெண்டு நாள் வச்சு, அந்த வெப்பத்துக்குப் பழகவிட்டுத்தான் பிரிக்கணும். சுவரோரம் 8 மில்லிமீட்டர் இடைவெளி விடணும்னு பெட்டியிலேயே போட்டிருந்தது. "அவ்வளவு எதுக்கு மேடம், ஒட்டிப் போட்டா நீட்டா இருக்கும்"னார். சித்திரை வெயில்ல பலகை விரியும், இடம் இல்லன்னா நடுவுல தூக்கிக்கும். தூக்கின தரைன்னா அம்மா கால் இடறும். ஷிஃப்ட் முடிஞ்சு வந்த எங்க வீட்டுக்காரர் துண்டுப் பலகையை ஆப்பு மாதிரி செருகி, இடைவெளியை அளந்து அளந்து கொடுத்தார். ஃபாக்டரியில குவாலிட்டி பார்க்கிற மனுஷன், சொல்லவா வேணும்! ஓரத்தை ஸ்கர்ட்டிங் மறைச்சிடுச்சு. வினைல் முடிஞ்சு டைல்ஸ் ஆரம்பிக்கிற இடத்துல மேடு தெரியாம சரிவான பட்டை போடச் சொன்னோம். அரை அங்குல மேடுதான் வயசானவங்களை இடறி விழவைக்கும்.

தரை மட்டும் போதாது. அம்மாவோட மாத்திரைகளையும் பிரிச்சுப் பார்த்தோம். சில பிபி மாத்திரைகள், புராஸ்டேட்டுக்குத் தர்ற மாத்திரைகள், தூக்க மாத்திரைகள் எல்லாமே படுத்து எழும்போது தலைசுத்தலைத் தரும். நீங்களா நிறுத்திடாதீங்க, எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்ட நேரத்தை மாத்தலாமான்னு கேளுங்க. ராத்திரி எழுந்தா கட்டில் ஓரத்துல ஒரு நிமிஷம் உட்கார்ந்துட்டு எழச் சொல்லுங்க. நடையில ஒரு சின்ன நைட் லேம்ப்.

இத்தனைக்கும் மேல ஒருத்தர் விழுந்துட்டா: ஒரு கால் குட்டையாத் தெரிஞ்சு, பாதம் வெளிப்பக்கமாத் திரும்பியிருந்தா நடக்க வைக்காதீங்க, எண்ணெய் போட்டு நீவாதீங்க, நாட்டுக்கட்டுக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க. அசைக்காம படுக்க வச்சு 108க்குக் கூப்பிடுங்க. இடுப்பு முறிவுக்கு முதல் ரெண்டு நாளுக்குள்ள ஆபரேஷன் நடந்தா திரும்ப எழுந்து நடக்கிற வாய்ப்பு அதிகம். தினமும் சாப்பிடுற மாத்திரைச் சீட்டையும் மறக்காம எடுத்துட்டு வாங்க. ரத்தம் உறையாம இருக்கத் தர்ற மாத்திரை அதுல இருந்தா எங்களுக்கு முதல்லயே தெரியணும்.