டைனமோவில் ஓடிய குரல்கள்

கோண்டாவிலில் எங்கள் வீட்டுச் சைக்கிள் பகலில் அப்பாவைச் சுமக்கும். இரவில் முற்றத்தில் தலைகீழாக நிற்கும். 1990 நடுப்பகுதியோடு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோயிற்று. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். ஆகவே பின்சில்லோடு உரசும் டைனமோவிலிருந்து இரண்டு வயர் இழுத்து, றேடியோ திருத்தும் அண்ணை ஒருவர் செய்துதந்த சின்னப் பெட்டி வழியாக ரேப் ரெக்கோடருக்குக் கொடுத்திருந்தோம். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. பிபிசி தமிழோசை கேட்க அயலட்டையில் உள்ளவர்கள் வந்து கூடுவார்கள். செய்தி முடிந்து அவர்கள் எழும்பிப் போன பிறகுதான் மாமாவின் கசெற்றைப் போடுவோம்.

மாமா கனடாவுக்குப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அவருக்குக் கடிதம் எழுத வராது. கசெற்றில் கதைத்து அனுப்புவார். கொழும்புக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார். ஆனையிறவுப் பாதை மூடியிருந்ததால், அது வவுனியா தாண்டி, கிளாலிக் கடலேரியை இருட்டில் வள்ளத்தில் கடந்து வரவேண்டும். அந்தக் கடலேரியில் சுடுபட்டுச் செத்தவர்கள் பலர். சொப்பின் பையில் சுற்றி வந்த கசெற்றை அம்மம்மா முதலில் சாமிப்படத்துக்கு முன்னால் வைப்பா. பிறகுதான் எங்கள் கைக்கு வரும்.

கை சோர்ந்தால் சில்லு மெதுவாகும். சில்லு மெதுவானால் மாமாவின் குரலும் கனத்து இழுபடும். பனி கொட்டுவதைச் சந்தோசமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர் திடீரென்று அழுவதுபோலக் கேட்கும். "தம்பி, கையை விடாதை, அவன் அழுறான்" என்று அம்மம்மா பதறுவா. நான் மூச்சைப் பிடித்துச் சுற்றுவேன். மாமா மறுபடி சிரிக்கத் தொடங்குவார்.

பதில் அனுப்பவும் அதே சைக்கிள்தான். புதுக் கசெற்றுக்கு எங்கே போவது? பழைய சினிமாப் பாட்டுக் கசெற்றின் மேல்விளிம்பில் உள்ள ஓட்டையைக் கடதாசியால் அடைத்து, பாட்டுக்கு மேலேயே பதிவோம். மகன் படலைக்கு வெளியே நிற்பதுபோல அம்மம்மா உரத்துக் கதைப்பா. பசு கன்று போட்டது, முருங்கை முறிந்தது, மண்ணெண்ணெய் விலை, கறுத்தக்கொழும்பான் இந்த வருடம் காய்த்த காய்ப்பு. தூரத்தில் ஷெல் விழும் சத்தம் கேட்டால் நிறுத்துவா. அடங்கியதும் விட்ட சொல்லிலிருந்தே தொடர்வா. ஷெல்லைப் பற்றி ஒரு சொல்லும் மகனுக்குச் சொன்னதில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு போருக்குத் தப்பி எங்கள் வலிகாமமே எழும்பி நடந்தது. நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழைக்குள் இலட்சக்கணக்கான சனம். மாமாவின் கசெற்றுகள் பிஸ்கற் ரின்னுக்குள் வீட்டிலேயே கிடந்தன. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது ரின்னும் இல்லை, கூரையும் இல்லை. மிஞ்சியது நாங்கள் அனுப்பியவை மட்டும்தான். கனடாவின் ஸ்காபரோவில், மாமாவின் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் அவை பத்திரமாக இருந்தன. மாமாவின் குரல் ஊரில் அழிந்தது; ஊரின் குரல் கடல் கடந்த இடத்தில் உயிரோடு இருந்தது.

அந்தப் பெட்டியைத் திறந்தவள் மாமாவின் மகள். அங்கேயே பிறந்தவள், தமிழ் பாதிதான் விளங்கும். படக்கலை படித்தவள். ஜமேக்காவில் பிறந்து 1951இல் இங்கிலாந்துக்குப் போன சிந்தனையாளர் ஸ்டூவர்ட் ஹாலைப் பற்றி ஜான் அகோம்ஃப்ரா 2012இல் மூன்று திரைகளில் செய்த படைப்பு அவளை உலுக்கியிருந்தது. பழைய ஒலிப்பதிவுகளில் ஹாலின் குரல் ஓட, பக்கத்துப் பக்கத்துத் திரைகளில் வெவ்வேறு காலங்கள் நகரும். அதைப் பார்த்த பிறகுதான் அப்பாவிடம் பெட்டியைக் கேட்டாளாம்.

ஒருநாள் ஃபோனில் கேட்டாள்: "அத்தான், சில இடத்தில அப்பம்மாவின்ர குரல் ஏன் குருவி மாதிரிக் கீச்சிடுது?" என் கை சோர்ந்த இடங்கள் அவை. மெதுவாகச் சுற்றிய நாடாவில் பதிந்த குரல், கனடாவின் சீரான மின்சாரத்தில் ஓடும்போது விரைந்து மெலிகிறது. பத்து வயதுப் பையனின் களைப்பு இத்தனை வருடமாக அந்த நாடாவில் இருந்திருக்கிறது. இரைச்சலைத் துடைத்துத் தருவதாக ஒலிப்பதிவுக்காரர் சொன்னபோது அவள் மறுத்துவிட்டாள். அவள் செய்தது சரி. காகம், துலாச் சத்தம், டைனமோவின் உறுமல், அந்தத் தூரத்து ஷெல் எல்லாம் போய்விட்டால் மிஞ்சுவது வெறும் சுகசெய்தி.

அவள் செய்த படைப்பில், இருட்டறை நடுவில் ஒரு சைக்கிள் கவிழ்ந்து நிற்கும். பார்க்க வருபவர் பெடலைச் சுற்றினால்தான் குரல் வரும். ஒரு திரையில் நாடாவின் பழுப்பு மேற்பரப்பு மிகக் கிட்டத்தில். இன்னொன்றில் இன்றைய கோண்டாவில் முற்றம். மூன்றாவதில் ஸ்காபரோவின் கார்த் தரிப்பிடத்தில் பனி. கை தளர்ந்தால் படமும் தளரும். அம்மம்மா கதைத்து முடிந்த இடத்தில், அடியில் கிடந்த சினிமாப் பாட்டு பாதியிலிருந்து எழும்பும். தமிழ் தெரியாத பிள்ளைகள் அந்த இடத்தில் கண்கலங்கினார்கள். அறுபது தாண்டிய மாமா வந்து, ஒருவருக்கும் விடாமல் தானே நெடுநேரம் சுற்றினார்.

இப்படியான முயற்சிகளை விளங்காத கலை என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. இடம்பெயர்ந்தவர்கள் நினைவிலிருந்து கீறித் தந்த வீட்டு வரைபடங்களைக் கொண்டு யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் ஒரு நூலே செய்தார். 1981இல் ஏறக்குறைய 97,000 நூல்களோடு நூலகத்தை எரியக் கொடுத்த ஊருக்கு, சனத்தின் ஞாபகமும் ஆவணம்தான்.

உங்கள் வீட்டிலும் அப்படிக் கசெற்றுகள் கிடக்கும். நாடா பூஞ்சணம் பிடிக்கும், பூச்சு உதிரும். ஓட்டிப் பார்க்கும் கருவிகளும் அருகிவருகின்றன. இந்த வருடமே எண்ணிமப்படுத்துங்கள். யார் கதைக்கிறார்கள், எந்த ஊர், எந்த ஆண்டு என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். 2005 முதல் ஈழத்து ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். பின்னணிச் சத்தத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள்.