டீச்சரின் முகம்

"உடம்பு சரியில்லையா டீச்சர்?" தலைச்சோலை அண்ணாமலையார் கோயிலுக்குப் போன அன்று மட்டும் மூன்று பேர் என் மனைவியிடம் இப்படிக் கேட்டுவிட்டார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. 64 வயதில் கன்னமும் கழுத்தும் தொங்கிவிட்டன, அவ்வளவுதான்.

"ஃபேஸ்லிஃப்ட் பண்ணிக்கிறேங்க" என்றாள். சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்தில் ஒரு டாக்டரைப் பார்த்தோம். தோலை மட்டும் இழுத்துத் தைப்பது பழைய முறையாம், சீக்கிரமே தளர்ந்துவிடும். தோலுக்கு அடியில் எஸ்.எம்.ஏ.எஸ். என்றொரு படலம் இருக்கிறது. 1976-இல் மிட்ஸ், பெய்ரோனி என்ற இருவர் அதை விவரித்த பிறகு, அதையே இழுத்துத் தைக்கிறார்கள். அதற்கும் கீழே போவது 'டீப் பிளேன்'. பலன் நீடிக்குமாம், ஆனால் முக நரம்புக்குப் பக்கத்தில் கத்தி போகும். 'மினி'யில் காயம் சிறிது. கழுத்துக்கு அது போதாது. (விலையை மட்டும் கேட்டால் எல்லோரும் மினிதான் கேட்போம்.)

அவள் எஸ்.எம்.ஏ.எஸ். போதும் என்றாள். எனக்கு நரம்பு என்ற சொல்லே காதில் நின்றது. வாய் கோணிவிட்டால்?

"முதல்ல பிரஷர் குறையட்டும். இல்லாட்டி ஆபரேஷன் முடிஞ்ச முதல் நாளே தோலுக்கடியில ரத்தம் கட்டிக்கலாம்" என்று டாக்டர் மூன்று மாதம் தள்ளிவைத்தார்.

தினமும் பார்த்து நோட்டில் குறிப்பது என் வேலை. நேற்று 128. 148 என்று எழுதிவிடலாமா என்று ஒரு நிமிடம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

"எவ்வளவுங்க?" என்றாள் அடுக்களையிலிருந்து.

128 என்றே சொன்னேன்.