உப்பளத்தில் ஒரு டாலர் வேட்டை!

எழும்பூரில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் கிளம்பப் பத்து நிமிஷம் இருக்கும்போதுகூட என் மனைவிக்கு நம்பிக்கை வரவில்லை.

"நிஜமாவே உப்பை போட்டோ எடுக்கத்தான் தூத்துக்குடி போறீங்களா?" என்றாள் போனில்.

"ஆமா!"

"நம்ம வீட்டுலயே ரெண்டு பாக்கெட் இருக்கே..."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் போனஸ் பணத்தில் ஒரு பழைய கேமரா வாங்கினேன். லென்ஸோடு சேர்த்து 38,000 ரூபாய். அன்றிலிருந்து வீட்டில் எது வாங்க வேண்டும் என்றாலும், "அதான் கேமரா இருக்கே!" என்பதுதான் பதில். இந்த நேரத்தில்தான் ஆபீஸில் பக்கத்து ஸீட் ஆசாமி காதில் ஓதினார். "சும்மா ஃபேஸ்புக்ல போட்டு லைக் வாங்கி என்ன ஓய் பிரயோஜனம்? ஸ்டாக் சைட்ல போடும். டாலர்ல வரும்!"

ஸ்டாக் சைட் என்றால் வேறொன்றுமில்லை... படங்களின் மளிகைக் கடை. விளம்பரக் கம்பெனி, பத்திரிகை, பாடப் புத்தகம் போடுகிறவர் என்று யாருக்கு என்ன படம் தேவையோ, தேடிப் பிடித்து, காசு கட்டி, உபயோகிக்கும் உரிமையை வாங்கிக்கொள்கிறார்கள். படம் நம்முடையதாகவே இருக்கும். ஒரே படத்தை நூறு பேருக்கும் விற்கலாம். ஷட்டர்ஸ்டாக்கை 2003-ல் ஆரம்பித்த ஜான் ஓரிங்கர், தானே எடுத்த 30,000 படங்களை வைத்துத்தான் கடை திறந்தாராம். அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை!

மறுநாள் மெரினா சூரியோதயம், மயிலாப்பூர் கோபுரம், மகாபலிபுரம் கடற்கரைக் கோயில் என்று நாற்பது படங்களை ஏற்றினேன். முப்பத்தாறு திரும்பி வந்தன. ஃபோகஸ் சரியில்லை, இதே மாதிரி ஏற்கெனவே ஏராளம் இருக்கிறது, ஓரத்தில் சோப்பு விளம்பரப் பலகை தெரிகிறது... பெண் பார்க்க வந்தவர்கள்கூட இத்தனை காரணம் சொல்லமாட்டார்கள் ஸார்!

முதலில் விற்றது எது தெரியுமா? லென்ஸ் வேலை செய்கிறதா என்று பார்க்க எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் எடுத்த கொத்தமல்லிக் கட்டு. கிடைத்தது 10 சென்ட். அதாவது, பத்து ரூபாய்க்கும் கீழே. பெருமையாக மனைவியிடம் காட்டினேன். "அந்தக் கட்டு பதினஞ்சு ரூபாய்க்கு வாங்கினது" என்றாள்.

கணக்கு அப்படித்தான். 2020 ஜூனில் ஷட்டர்ஸ்டாக் கொண்டுவந்த முறைப்படி, ஆரம்பப் படியில் இருப்பவருக்கு 15 சதவிகிதம். விற்க விற்க 40 வரை ஏறலாம். ஆனால், ஜனவரி 1 பிறந்தால் எல்லோரும் திரும்பவும் ஒண்ணாங் கிளாஸ்! அடோபி ஸ்டாக்கில் படத்துக்கு 33 சதவிகிதம். சந்தா கட்டியவர் மொத்தமாக அள்ளும்போது ஒரு படத்தின் விலையே சில்லறை. அதில் சதவிகிதம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இது போதாதென்று டபிள்யூ-8 பென் என்று ஒரு அமெரிக்க வரி ஃபாரம் வேறு. அதைச் சரியாக நிரப்பினால் அமெரிக்க விற்பனையில் 15 சதவிகிதம் பிடிப்பார்கள். நிரப்பாவிட்டால் 30. அக்கவுன்ட்ஸ் செக்ஷன் ஆசாமியான எனக்கு மொத்த விவகாரத்திலும் பிடித்த பகுதி இதுதான்.

"கோபுரமெல்லாம் வேணாம் ஓய். ஆளுங்க வேலை செய்யற படமா எடும். அதுதான் போகும்" என்றார் பக்கத்து ஸீட். அப்படித்தான் உப்பு வந்தது. இந்தியாவில் உப்பில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு; அதில் பெரும் பங்கு தூத்துக்குடிக்கு. ஐப்பசி மழை இறங்கிவிட்டால் உப்பளத்தில் வேலை கிடையாது. ஆகவே, வெயில் காலத்திலேயே கிளம்பினேன்.

காலையில் இறங்கி, லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு, திருச்செந்தூர் ரோட்டில் முள்ளக்காடு பக்கம் பஸ்ஸில் போனேன். ரோட்டோரத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. பாத்தி பாத்தியாகத் தண்ணீர். வரப்பில் வெள்ளை வெள்ளையாகக் குவியல். போர் போட்டு உப்புத் தண்ணீரை இறைத்து, பாத்தி மாற்றி பாத்தி காயவிட்டால், கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கிறது. பார்க்கிற நமக்குப் பூ. வாருகிறவர்களுக்கு?

மேற்பார்வை பார்ப்பவரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன். மணி ஒன்பதரை. கண் கூசி, கண்ணீரே வந்துவிட்டது. படங்களைப் பார்த்தால், உப்பெல்லாம் சிமென்ட் மாதிரி சாம்பல் நிறம்! கேமராவுக்கு ஒரு புத்தி உண்டு. எதைக் காட்டினாலும் அதைச் சாம்பல் என்று நினைத்துக்கொள்ளும்; வெள்ளையைக் காட்டினால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். உப்பு, சுண்ணாம்பு அடித்த சுவர் இதையெல்லாம் எடுக்கும்போது நாமாக ஒரு படி வெளிச்சத்தைக் கூட்டி வைக்க வேண்டும். இது எனக்கு உறைப்பதற்குள் பெண்கள் பாதிப்பேர் வேலையை முடித்துக் கிளம்பிவிட்டார்கள். வெயிலுக்குப் பயந்து விடிவதற்கு முன்பே வந்துவிடுகிறார்களாம்.

சரி, நாளைக்கு என்று ஊருக்குள் திரும்பினேன். ராத்திரி போன் வந்தது.

"எங்க இருக்கீங்க?"

"நைட் கிளப்ல!"

பத்து விநாடி நிசப்தம். தூத்துக்குடியில் பரோட்டாக் கடைக்குப் பேரே நைட் கிளப்தான் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் சால்னா ஆறிவிட்டது. எதிரே ஒருவர் பரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்துச் சால்னாவில் மூழ்கடித்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டு, கையை மட்டும் நாலு ஸ்நாப் எடுத்தேன்.

மறுநாள் நாலரைக்கே ஆட்டோ. டீக்கடையில் ஒரு டீ. இருட்டில், தலையில் டார்ச் கட்டிக்கொண்டு வேலை நடந்துகொண்டிருந்தது. கீழ்வானம் சிவந்தபோது ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மாள் கூடையைச் சுமந்து வரப்பில் ஏறினார். சட்டைக்கு மேல் புடவை, தலையில் சும்மாடு, முகத்தில் அந்தச் சிவப்பு. கைகள் தானாக வேலை செய்தன. என் வாழ்நாளில் நான் எடுத்த நல்ல படம் அதுதான் என்று பட்டனை அமுக்கும்போதே தெரிந்துவிட்டது.

"எதுக்குய்யா போட்டா புடிக்கிய? பேப்பரா, கெவர்மெண்டா?"

"ரெண்டும் இல்லக்கா. நெட்ல விக்கறதுக்கு..."

அடையாளம் தெரிகிற முகத்தை விளம்பரத்துக்கு விற்க வேண்டும் என்றால், சம்பந்தப்பட்டவர் 'மாடல் ரிலீஸ்' என்ற சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவேண்டும். அஞ்சு காப்பி ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தேன். எல்லாம் இங்கிலீஷ். சாட்சிக் கையெழுத்துக்கு டீக்கடைக்காரரைக்கூட மனசில் குறித்து வைத்திருந்தேன்.

"இதுல என்ன எழுதிருக்கு?" என்றார்.

அப்போதுதான் முதல் தடவையாக அதைத் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். "உங்க படத்தை யாரு வேணும்னாலும், எந்த நாட்டுல வேணும்னாலும், எத்தனை வருஷம் வேணும்னாலும் போட்டுக்கலாம்னு..."

"மூட்டுவலித் தைலத்துக்குப் போடுவானோ?"

"போடலாம்க்கா."

"வட்டிக்கடைக்கு?"

"...போடலாம்."

"எவ்வளவு தருவான்?"

"ஒரு தடவைக்கு ஒம்பது ரூபா கிட்ட. சில சமயம் கூடவும் வரும்."

"அது ஒனக்கு. எனக்கு?"

ஃபாரத்தின் முதல் வரியைப் பார்த்தேன். 'தக்க பிரதிபலன் பெற்றுக்கொண்டு...' என்கிற அர்த்தத்தில்தான் ஆரம்பிக்கிறது. நான் கொடுப்பதாக உத்தேசித்திருந்த பிரதிபலன்: ஒரு டீ, ஒரு வடை.

ஜெராக்ஸை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தேன். அக்காவுக்குப் பாவமாகப் போய்விட்டது போலிருக்கிறது. "மூஞ்சி வேண்டாம்யா. கால எடுத்துக்கோ. கால பாத்து யாருக்குத் தெரியும்?" என்று காட்டினார். பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் உப்பு. எடுத்தேன். முகம் இல்லாததால் கையெழுத்து எதுவும் தேவையில்லை. ஆனாலும், அந்தப் படம் இன்னும் என் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. ஏற்ற உட்காரும்போதெல்லாம் வேறு ஏதாவது வேலை வந்துவிடுகிறது.

கிளம்பும்போது கூப்பிட்டார். "ஏய்யா, மூஞ்சியையும் ஒண்ணு எடு. விக்கதுக்கில்ல, எனக்கு. எங்கிட்ட ஆதார் கார்டுல உள்ளதுதான் இருக்கு." சும்மாட்டைக் கழற்றி, தலையை ஒதுக்கி, சூரியனைப் பார்த்து விறைப்பாக நின்றார். எடுத்தேன்.

ஊருக்கு மக்ரூன் வாங்கிக்கொண்டேன். முட்டையின் வெள்ளையும் சர்க்கரையும் முந்திரியுமாக அது வாயில் கரைவதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். இந்தப் பயணத்தில் மனைவி குறை சொல்லாத ஒரே அயிட்டம்!

ஆறு மாசத்துக் கணக்கு இது. உப்புக் குவியல், விடியல், வானம் பிரதிபலிக்கும் பாத்தி என்று ஏற்றியவை பதினெட்டு. விற்றது ஒன்று. நைட் கிளப் பரோட்டாக் கை, ஏழு தடவை! எல்லாம் சேர்த்து ரெண்டு டாலர் சொச்சம். 25 டாலர் சேர்ந்தால்தான் கையில் தருவார்கள் என்பதால், அந்த ரெண்டும் இப்போதைக்குக் கண்ணால் பார்க்கத்தான். தலையில் கூடையோடு அக்கா வரும் அந்த நல்ல படம்? அதைக் கேட்டு பக்கத்து ஸீட் இன்னும் நச்சரிக்கிறார். சம்மதமே இல்லாமல் செய்திப் பிரிவில் விற்கலாம், சட்டம் தடுக்காது என்கிறார். தெரியும். பரவாயில்லை ஓய் என்று சொல்லிவிட்டேன்.

ஊர் வந்து சேர்ந்த வாரமே அக்காவின் முகத்தை மட்டும் பெரிதாகப் பிரின்ட் போட்டு, டீக்கடை விலாசத்துக்கு கூரியரில் அனுப்பினேன். பிரின்ட்டும் கூரியரும் 210 ரூபாய். நாலாம் நாள் டீக்கடைக்காரர் போன் செய்தார்.

"சார், படம் வந்துட்டு. அக்கா ஒண்ணு கேக்கச் சொன்னாவ..."

"சொல்லுங்க."

"கண்ணு மூடிருக்காம். வேற ஒண்ணு இருக்கான்னு கேக்காவ."

தேடிப் பார்த்தேன். சூரியனைப் பார்த்து நிற்கச் சொல்லி எடுத்த ஆறிலும் கண் மூடித்தான் இருக்கிறது. அடுத்த மாசம் முத்துநகரில் டிக்கெட் போட்டிருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. மக்ரூன் தீர்ந்துபோச்சு என்று ஆரம்பிக்கலாமா என்று யோசனை.