பூவுக்கு ஒரு சிவப்புப் பொட்டு

கதவைத் தள்ளி உள்ளே போனதும் மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. வெளியே ஜனவரிக் குளிரில் விரல் விறைக்கிறது; உள்ளே நம்மூர்ப் புரட்டாசி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டால் எதிரே தலைக்கு மேல் வளர்ந்த தக்காளிச் செடிகள், கயிறு கயிறாக.

ஜப்பானின் கியூஷு தீவில், குமமோட்டோவுக்குத் தெற்கே யாட்சுஷிரோ சமவெளி. பெரும்பகுதி கடலிடமிருந்து மீட்டெடுத்த நிலம். டாடாமி பாய்க்கான கோரைக்கு இன்றும் பேர்போன ஊர். அந்தக் கோரை வயல்களுக்கு நடுவில்தான் குளிர்காலத் தக்காளிக்கான பிளாஸ்டிக் குடில்கள் வரிசை கட்டி நிற்கின்றன.

என்னை அழைத்துப்போன தம்பி அங்கே படிக்கிறவர். “அண்ணா, பூவைப் பாருங்க” என்றார். மஞ்சள் பூங்கொத்துகள் சிலவற்றில் மட்டும் குங்குமம் தெளித்தது போலச் சிவப்புத் துளிகள். நோயோ என்று நினைத்தேன்.

தோட்டக்கார அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். கையில் சலூன்காரர் வைத்திருப்பது போன்ற சின்ன ஸ்பிரேயர். ஒரு கொத்தில் மூன்று முதல் ஐந்து பூ விரிந்திருந்தால் இடது உள்ளங்கையைக் கொத்துக்குப் பின்னால் தடுப்பாக வைத்து, ஒரே ஒரு ‘புஸ்’. அவ்வளவுதான், அடுத்த கொத்து. அந்தச் சிவப்பு, மருந்தோடு கலந்த சமையல் சாயம். அடித்த கொத்துக்கு மறுபடி அடித்துவிடாமலிருக்க அடையாளம்.

மருந்தின் பேர் டொமேட்டோ டோன். அதிலிருப்பது 4-சிபிஏ என்ற செயற்கை ஆக்சின், அதாவது செடி வளர்ச்சி ஹார்மோன். தக்காளிப் பூவைக் காற்று ஆட்டினாலே மகரந்தம் உதிர்ந்து காய் பிடித்துவிடும். மூடிய குடிலுக்குள் காற்று ஏது? இரவுக் குளிரில் மகரந்தமும் சோடை. கருவுற்ற விதைகள் சுரக்கும் ஆக்சினால்தான் பிஞ்சு பருக்கத் தொடங்கும். விதையே இல்லாமல் அந்தச் சேதியை மட்டும் ஸ்பிரேயர் கொண்டுபோய்க் கொடுக்கிறது. பூ நம்பிவிடுகிறது! வயிற்றில் பிள்ளை இல்லாமலே வளைகாப்பு.

இருபது டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் மருந்து ஒரு பங்குக்கு ஐம்பது பங்காகக் கரைக்கிறார்கள். வெயில் ஏறினால் நூறு. கணக்குப் போட்டால் லிட்டருக்கு 30 மில்லிகிராம், 15 மில்லிகிராம். இவ்வளவு சொற்பம் குருத்தில் பட்டாலே போதும், இலை ஒடுங்கிச் சுருண்டு பெரணி போலாகிவிடும். அப்படி ஒரு செடியைக் காட்டி அம்மா ஏதோ சொல்லிச் சிரித்தார். “அவங்க வீட்டுக்காரர் அடிச்சதாம்” என்றார் தம்பி.

பிறகு ஒரு பழத்தை நறுக்கினார். விதை சொற்பம், தோலுக்கும் சதைக்கும் இடையே சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. ஏமாற்றியதற்குச் செடி வாங்கும் வட்டி என்றுதான் எனக்குப் பட்டது. இதைக் குறைக்கத் துளி ஜிப்ரலினையும் சேர்க்கிறார்கள். ஜிப்ரலின் கதையும் ஜப்பானியரோடு சேர்ந்ததுதான். நெல் நாற்று வெளிறி, நெட்டையாக வளர்ந்து வீணாகும் ஒரு நோய்க்கு அங்கே ‘பைத்தியக்கார நாற்று’ என்று பேர். அதற்குக் காரணமான பூஞ்சை கசியவிடும் ஏதோ ஒன்றுதான் நாற்றை நீட்டுகிறது என்று 1926இல் தைவானில் குரோசாவா என்ற ஆய்வாளர் காட்டினார். 1935இல் யபுதா என்ற வேதியியலாளர் அந்தப் பொருளுக்கு ஜிப்ரலின் என்று பேர் வைத்தார்.

பெரிய குடில்காரர்கள் 1990களிலிருந்தே ஐரோப்பியப் பம்பிள்பீக்களுக்கு மாறிவிட்டார்கள். பூவைப் பிடித்து உலுக்கும் தடித்த தேனீ அது. விதையோடு நிறைந்த பழம், கூலியும் மிச்சம். ஆனால் குடிலை விட்டுத் தப்பியவை ஹொக்கைடோவில் குடியேறி உள்ளூர் இனங்களை விரட்டின. 2006 முதல் அனுமதியும் வலையும் இல்லாமல் வளர்க்க முடியாது. அம்மா தேனீக்கு மாறவில்லை. வெள்ளை ஈக்கு மருந்தடித்தால் தேனீயும் சாகுமே என்கிறார்.

எனக்கும் ஒரு வரிசை கொடுத்தார். பத்துக் கொத்து முடிப்பதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது. உள்ளங்கை முழுக்கச் சிவப்பு.

அன்றிரவு அப்பாவுக்குப் போன் போட்டேன். பாகல், புடலையில் பெண்பூ அதிகம் பிடிக்க எத்ரல் அடித்தவர்; பத்து லிட்டருக்கு இரண்டரை மில்லி, வாரம் ஒரு முறை, நான்கு தடவை. மிளகாயில் பூ உதிர்ந்தால் பிளானோபிக்ஸ். எல்லாம் முதுகில் டேங்க்கை மாட்டி வயல் முழுக்க விசிறுகிற வேலைதான். சிவப்புப் பொட்டுக் கதையை முழுவதும் பொறுமையாகக் கேட்டார்.

“ஒவ்வொரு கொத்துக்குமா? அங்க தக்காளி கிலோ என்ன விலைடா விக்குது?”