கீரைக் கட்டும் ஒரு கேள்வியும்

சென்ற விடுமுறையில் வெள்ளவத்தையில் வாழும் என் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அவர் அப்பொழுது ஐந்து மாதக் கர்ப்பிணி. குருதியில் இரும்புச் சத்துக் குறைவு என்று வைத்தியர் கூறியிருந்தமையால், கீரை வாங்கிவரும் பொறுப்பு என்னுடையதாயிற்று. "பூச்சி அரிக்காத இலையாய்ப் பார்த்து வாங்கி வா, தம்பி" என்பது அவர் நாள்தோறும் இடும் கட்டளை. பொன்னாங்காணி, வல்லாரை, கங்குன் என மாறி மாறி வாங்கினேன். நல்ல கீரையைக் கண்ணாலேயே அறியலாம் என்பது எங்கள் வீட்டாரின் பழைய நம்பிக்கை.

அந்நம்பிக்கை ஒருநாட் பேருந்துப் பயணத்திலே குலைந்தது. நகரின் ஓரத்தே, கழிவுநீர் வாய்க்காலை அடுத்த சதுப்பில் ஒருவர் முழங்காலளவு நீரில் நின்று கங்குன் அறுத்துக்கொண்டிருந்தார். நான் வாங்கிய கட்டுகளில் இருந்ததும் அதே பசுமைதான்.

கலைப்பீட மாணவனாகிய எனக்கு இரசாயனம் அந்நியமானது. விடுதிக்கு மீண்டதும் விவசாய பீட நண்பரொருவரை வினவினேன். ஈயம், கட்மியம் போன்ற பார உலோகங்கள் உக்கி அழிவனவல்ல என்றார் அவர். ஈயம் கலந்த பெற்றோல் 2002ஆம் ஆண்டில் இந்நாட்டிலிருந்து நீக்கப்பட்டபோதிலும், அதன் புகை விட்டுச்சென்ற ஈயம் தெருவோர மண்ணில் நெடுங்காலம் தங்கவல்லது. பழைய மின்கலங்களும் தொழிற்சாலைக் கழிவும் பொசுபேற்றுப் பசளையிற் கலந்துள்ள கட்மியமும் வேறு வழிகள். இலைமேற் படிந்த தூசியைக் கழுவலாம். வேர்வழி உட்புகுந்ததைக் கழுவ இயலாது. யப்பானில் சுரங்கக் கழிவு கலந்த ஜின்சூ ஆற்றுநீரில் விளைந்த அரிசியை உண்டோரின் எலும்புகளைக் கட்மியம் நலியச் செய்தது. அந்நோய் சூழல் மாசினால் விளைந்ததென அந்நாட்டு அரசு 1968இல் ஏற்றுக்கொண்டது.

நண்பர் இறுதியாகக் கூறியதே என் உறக்கத்தைக் கெடுத்தது. இரும்புச் சத்துக் குறைந்த உடல் ஈயத்தை மிகுதியாக உறிஞ்சுமாம். தாயின் குருதியிலுள்ள ஈயம் சிசுவையும் சென்றடையுமாம். இரும்பை நாடி உண்போருக்கே ஈயத்தால் ஆபத்து அதிகம் என்பது எத்துணைக் கொடுமை!

கீரையை விட்டுவிடுமாறு அக்காவிடம் கூற எனக்கு மனம் வரவில்லை. ஏழைக்கும் எட்டும் சத்துணவு அதுவேயன்றோ? ஒரே வகையை ஒரே இடத்தில் வாங்காது மாற்றி வாங்குமாறும், இயன்றளவு நல்ல மண்ணில் தொட்டியிலே வளர்க்குமாறும் கூறினேன். ஆனால் தொட்டி வைக்கவும் இடமற்றோர் எத்தனை பேர்! விளைநிலத்தின் மண்ணையும் நீரையும் அறுவடைக்கு முன்னரே சோதிப்பது அரசின் கடமையாதல் வேண்டும். வாங்குவோரின் கண்ணை நம்பி அதனை விட்டுவிடலாகாது.

பின்னொருநாள், கீரை விற்கும் மூதாட்டியிடம், "இது எங்கே விளைந்தது, அம்மா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "லொறியில் வந்தது, மகன். இதுவரை ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை" என்றார். அவரும் அதே கீரையைத்தான் சமைத்து உண்கிறார்.